நோவ்கரோடு காணச் செல்வோருக்கு



அயல்நாடு காணச் செல்வோருள் இரு சாரார் உண்டு. பெயர் கேட்ட இடங்களை எல்லாம் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, படங்களோடு திரும்புவோர் ஒரு சாரார். ஓர் ஊரைத் தேர்ந்து, அதன் வரலாற்றைப் படித்து, சில நாள் அங்கே தங்கி வருவோர் மற்றொரு சாரார். மாணவர்க்குப் பணமும் குறைவு, விடுமுறையும் குறைவு. ஆகையால் இரண்டாம் வழியே நமக்கு ஏற்றது. அவ்வழியில் ருஷ்யாவின் பழம்பெரு நகரம் ஒன்றைக் காணத் திட்டமிடுவது எப்படி என்பதை இங்கே ஆராய்வோம்.

எந்த நகரம்?

ருஷ்யா என்றவுடன் மாஸ்கோவும் பீட்டர்ஸ்பர்க்கும் நினைவுக்கு வருகின்றன. பீட்டர்ஸ்பர்க் 1703-இல் தோன்றிய நகரம். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், வோல்கோவ் ஆற்றின் இரு கரையிலும் நோவ்கரோடு இருக்கிறது. பழைய ருஷ்ய ஆண்டுக் குறிப்புகள் இதனைக் கி. பி. 859-ஆம் ஆண்டில் சுட்டுகின்றன. ‘புதிய நகரம்’ என்பது இப்பெயரின் பொருள். ருஷ்யாவின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்று புதிய நகரம் என்னும் பெயரைத் தாங்கி நிற்பது வியப்பே.

பயணச்சீட்டு வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. வோல்கா ஆற்றங்கரையில், மாஸ்கோவுக்குக் கிழக்கே, நீஷ்னி நோவ்கரோடு என்று வேறொரு பெருநகரம் உண்டு. நாம் கூறுவது வெலீக்கி நோவ்கரோடு. அதாவது ‘மாபெரும் நோவ்கரோடு’. இந்த அடைமொழி 1999-இல் சட்டப்படி மீண்டும் சேர்க்கப்பட்டது.

முதலில் வரலாறு

பால்டிக் கடலிலிருந்து கருங்கடலுக்குச் செல்லும் பழைய வாணிக வழியில் அமைந்தது இந்நகரம். தோலும் மெழுகும் விற்று வெள்ளியும் துணியும் வாங்கிச் செழித்தது. 1136-இல் நகர மக்கள் தம் இளவரசனை வெளியேற்றினர். அதன்பின் இளவரசர்கள் அழைப்பின்பேரில், உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டு வந்தனர். ‘வேச்சே’ என்னும் நகர மன்றம் கூடி முடிவு செய்தது. மணி ஒலித்தால் மக்கள் கூடினர். அம்மன்றத்தில் செல்வக் குடியினரின் கை ஓங்கியிருந்தது உண்மையே. ஆயினும், முடியாட்சி மிகுந்த அக்காலத்தில் இது அரிய அமைப்பாகும்.

1478-இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் நகரைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். மன்ற மணியைக் கழற்றி மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றான். 1570-இல் நான்காம் இவானின் படையினர் நகரத்தாரைக் கொன்று குவித்தனர். இவ்வளவும் அறிந்து செல்பவர்க்கே அங்குள்ள சுவர்கள் பேசும்.

பட்டையில் எழுதிய கடிதங்கள்

நோவ்கரோட்டின் தனிச்சிறப்பு மண்ணுக்குள் இருக்கிறது. ஈரம் மிகுந்து, காற்றுப் புகாத அந்த மண்ணில் மரமும் தோலும் மட்குவதில்லை. பழைய தெருக்களில் சேறு ஏற ஏற, மரத்தளத்தின்மேல் மரத்தளம் அமைத்து வந்தனர். ஒரு தெருவில் இவ்வாறு 28 அடுக்குகளை அறிஞர் தோண்டிக் கண்டனர். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒவ்வோர் அடுக்கின் காலத்தையும் கணித்தனர்.

1951-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், பேராசிரியர் அர்த்சிகோவ்ஸ்கி தலைமையில் நடந்த அகழாய்வில், நீனா அக்குலோவா என்னும் பெண் பணியாளர் பூர்ச்ச மரப்பட்டைச் சுருள் ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. அன்று தொடங்கி இன்றுவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டைக் கடிதங்கள் அந்நகரில் கிடைத்துள்ளன. கடன் கணக்கு, வீட்டுக்குத் தேவையான பொருள்களின் பட்டியல், வழக்கு, திருமணப் பேச்சு என்று அன்றாட வாழ்க்கை முழுதும் அவற்றில் உண்டு. பெண்கள் எழுதியவையும் உண்டு. நடுக்காலத்தில் எழுத்தறிவு துறவியர்க்கும் அரசர்க்குமே உரியதாய் இருந்தது என்னும் எண்ணத்தை இக்கடிதங்கள் தகர்த்துவிட்டன.

ஓலைச்சுவடி மரபில் வந்த நமக்கு இக்கடிதங்கள் எளிதில் விளங்கும். அவர்களும் மை தொட்டு எழுதவில்லை. இரும்பாலும் எலும்பாலும் செய்த எழுத்தாணியால் கீறியே எழுதினர்.

இவற்றுள் ஒன்று உள்ளத்தைத் தொடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பீம் என்னும் சிறுவன் நெடுங்கணக்கு எழுதிப் பழகிய பட்டைகள் 1956-இல் கிடைத்தன. பாடத்தில் சலிப்புத் தட்டியதும், குதிரைமேல் அமர்ந்து பகைவனை ஈட்டியால் குத்தும் வீரனாகத் தன்னை வரைந்திருக்கிறான்! வேந்தர்களின் ஆணைகள் பல அழிந்தன. அவன் கிறுக்கியது அழியவில்லை.

மூன்று நாள் திட்டம்

முதல் நாள் மேற்குக் கரைக்கு உரியது. செங்கல் மதில் சூழ்ந்த கோட்டைக்குள் 1045 முதல் 1050 வரை கட்டப்பட்ட சோபியா பேராலயம் நிற்கிறது. ஜெர்மானிய நகரமாகிய மாக்டபர்க்கில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வார்த்த வெண்கலக் கதவுகளை அங்கே நின்று நிதானமாகக் காணுங்கள். அருகில் 1862-இல் மிக்கேஷின் அமைத்த ருஷ்ய ஆயிரமாண்டு நினைவுச்சின்னம் உண்டு. அதில் ருஷ்யப் பெருமக்கள் பலர் இருக்க, நான்காம் இவானுக்கு இடமில்லை. ஏன் என்பதை முன்னே சொன்ன வரலாறு விளக்கும். கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தில் பட்டைக் கடிதங்களைப் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குக.

இரண்டாம் நாள் நடைபாலம் கடந்து கிழக்குக் கரைக்குச் செல்க. பழைய சந்தைப் பகுதியில் 1113-இல் தொடங்கிய நிக்கோலஸ் ஆலயம் உண்டு. சற்று அப்பால் இலியின் தெரு ஆலயத்தில், கிரேக்க ஓவியர் தியோபனீஸ் 1378-இல் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. ஓவியங்களைக் காக்கும் பொருட்டு ஈரம் மிகுந்த நாள்களில் அவ்வாலயத்தை மூடுவதுண்டு. ஆதலால் வானம் தெளிந்த நாளை இதற்கு வைத்துக்கொள்க. மாலையில் ஊருக்கு வெளியே உள்ள நெரெதித்சா ஆலயம் காண்க. 1198-இல் கட்டிய அது இரண்டாம் உலகப்போரில் பீரங்கிக் குண்டுகளால் இடிந்தது. பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. பழைய ஓவியங்களுள் சிறு பகுதியே எஞ்சியது.

மூன்றாம் நாள் தெற்கே சென்று, 1119-இல் ஆலயப்பணி தொடங்கிய யூரியெவ் மடத்தையும், அதனருகே மரவீடுகளையும் மரக்கோயில்களையும் கொண்டுவந்து நிறுத்தியுள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் காணலாம்.

காணும்போது ஒன்றை நினைவிற்கொள்க. 1944 ஜனவரி 20-இல் நகரம் நாஜிப் படையிடமிருந்து மீண்டபோது, அங்கிருந்த 2,500 அளவிலான கல் கட்டடங்களுள் நாற்பதுக்கும் குறைவானவையே நின்றன. ஆயிரமாண்டுச் சின்னம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டுப் பனியில் கிடந்தது. போர் முடியுமுன்பே, அதே ஆண்டில், மக்கள் அதை மீண்டும் நிறுத்தினர். சோபியா ஆலயத்தின் சிலுவை ஸ்பெயினுக்குப் போய் 2004-இல் திரும்பி வந்தது. நாம் காண்பது பழமை மட்டுமன்று, மீட்கப்பட்ட பழமை.

ஏற்பாடுகள்

ஜூன் முதல் ஆகஸ்டு வரை சென்றால் பகல் நீளும்; அகழாய்வும் நடைபெறும். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே செல்லும். பீட்டர்ஸ்பர்க்கின் மாஸ்கோ நிலையத்திலிருந்து நோவ்கரோட்டுக்கு ரயில் உண்டு. மூன்று மணியளவில் சேரலாம்.

இந்தியர் 2023 ஆகஸ்டு முதல் மின்வழி விசா பெறலாம். எத்தனை நாள் தங்கலாம், எவ்வழியாக நுழையலாம் என்பவற்றை விண்ணப்பிக்கும் போதே பார்த்துக்கொள்க. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் பல வசதிகள் மாறிவிட்டன. ருஷ்யாவுக்கு வெளியே வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லுவதில்லை. ஆதலால் செலவுக்கு வேண்டிய பணத்தைக் கையில் கொண்டுசெல்ல வேண்டும். இந்திய அரசின் பயண அறிவுரையைப் படித்த பிறகே நாள் குறிப்பது நன்று.

ருஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகளே உள்ளன. 247 எழுத்துகளைக் கற்ற நமக்கு இது பெரிய காரியமா? ஒரு வாரம் முயன்றால் நிலையங்களின் பெயரைத் தாமே படிக்கலாம். ஒன்பீம் எழுதிப் பழகிய எழுத்துகள் பலவற்றையும் அடையாளம் காணலாம்.

புறப்படுமுன் ஒரு குறிப்பேட்டில் மூன்று வினாக்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நகரம் தன்னைத்தான் ஆண்டது எவ்வாறு? அந்த உரிமையை இழந்தது ஏன்? சாம்பலான பின் எதனை முதலில் மீட்டது? திரும்பி வந்ததும், கண்ட விடைகளைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரையுங்கள். போக இயலாத நண்பர்க்கும் அப்பயணத்தின் பயன் கிட்டும்.