எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதாதீர்கள்

ஆட்டிசம் உள்ள என் மகனுக்குப் பதின்வயதின் தொடக்கத்தில் வலிப்பும் வந்தது. குழந்தைகளில் 100 பேரில் சுமார் ஒருவருக்கு வலிப்பு நோய் இருக்கும். ஆட்டிசம் உள்ளவர்களில் அது 10 முதல் 30 பேர் வரை என்கின்றன ஆய்வுகள். அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். 5 வயதுக்குள்ளும், பதின்வயதிலும் கூடுதல் கவனம் வேண்டும். என்னைப் போன்ற பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புபவை இவை:

வெறித்த பார்வையைக் கவனியுங்கள். கூப்பிட்டால் திரும்பாதது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அதனால் தோளைத் தொட்டுப் பாருங்கள், பிடித்த பண்டத்தைக் கண்முன் நீட்டுங்கள். பிள்ளை தன் எண்ணத்தில் மூழ்கியிருந்தால் பெரும்பாலும் கலைந்துவிடும்; கலையாவிட்டால் அது வலிப்பாக இருக்கலாம். என் மகன் கலையவில்லை. உதடுகளைச் சப்புக்கொட்டினான், விரல்கள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன, பிறகு அசந்து தூங்கிவிட்டான். செல்போனில் எடுத்த வீடியோதான் நரம்பியல் மருத்துவருக்கு அதிகம் உதவியது.

இ.இ.ஜி.க்குப் பழக்குங்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்ய, தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டுவார்கள். தலையைத் தொட்டாலே கத்தும் பிள்ளைக்கு அது பெரும் சோதனை. தினமும் கொஞ்சம் எண்ணெய் வைத்து, இறுக்கமான தொப்பி மாட்டிப் பழக்கினோம். ஒருமுறை எடுத்த இ.இ.ஜி. இயல்பாக இருந்தாலும் வலிப்பே இல்லை என்று ஆகிவிடாது.

வலிப்பு வந்தால்: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து, வாயில் கரண்டி, குடிக்கத் தண்ணீர் எதுவும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பலாம். லெவெடிராசெட்டம் போன்ற சில மருந்துகளால் எரிச்சலும் கோபமும் கூடலாம். ‘ஆட்டிசம் முற்றிவிட்டது’ என்று முடிவுகட்டாமல், எந்த நாள், எந்த நேரம் என்று நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கம் கெடுவதும் ஒரு வேளை மருந்து தவறுவதும் வலிப்பைத் தூண்டும்.

சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். ஆசிரியர், வேன் டிரைவர், வீட்டில் இருக்கும் பாட்டி எல்லோரிடமும் முதலுதவியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தன் உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, அதைக் கவனித்துச் சொல்லும் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பாதுகாப்பு.