‘மாரடைப்பு இல்லை’ என்று எழுதிய பிறகு

இரவு இரண்டு மணி. நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஈசிஜி சரியாக இருக்கிறது. சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்த டிரோபோனினும் ஏறவில்லை. கேஸ் ஷீட்டில் ‘மாரடைப்பு இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகத் தோன்றும். கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டரே, அங்கேயே நில்லுங்கள். வலி ஏன் வந்தது என்று அவர் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

உயிரைப் பறிப்பவற்றை முதலில் தேடுங்கள். பெருந்தமனிக் கிழிவைத்தான் நான் முதலில் வைப்பேன். மாரடைப்பு என்று எண்ணி ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால், கிழிவு உள்ளவருக்கு அதுவே எமனாகலாம். வலி தொடங்கிய நொடியைப் பற்றிக் கேளுங்கள். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் இருந்ததா? கிழிப்பதுபோல முதுகுக்குப் பாய்ந்ததா? இரண்டு கைகளிலும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20க்கு மேல் வேறுபட்டால் சிடி ஆஞ்சியோவுக்கு உடனே சொல்லுங்கள். வேறுபாடு இல்லையென்றாலும் வலியின் கதை பொருந்தினால் சந்தேகத்தை விடவேண்டாம்.

அண்மையில் ஆபரேஷன், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் நுரையீரல் ரத்தக்கட்டியை நினையுங்கள். ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கவில்லையா? நியூமோதோராக்ஸாக இருக்கலாம். பலமாக வாந்தி எடுத்தபின் வந்த வலியா? உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம்.

அடுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். மார்பெலும்பின் ஓரத்தை அழுத்தினால் ‘அதே வலிதான்’ என்பார் சிலர். ஒரு பக்கமாகப் பட்டைபோல எரிந்தால், அக்கிக் கொப்புளம் சில நாள் கழித்துக்கூட வரும். படுத்தால் கூடி, முன்னால் குனிந்தால் குறையும் வலி பெரிகார்டைட்டிஸின் அடையாளம். சாப்பிட்டுப் படுத்ததும் நெஞ்சு கரித்தால் அமில எதுக்களிப்பு. ஆனால் ஆன்டாசிட் குடித்து வலி போனதை மட்டும் வைத்து இதயத்தை விலக்கவே கூடாது. நடந்தால் வந்து, நின்றால் விடும் வலிக்கு டிரோபோனின் சரியாக இருந்தாலும் கார்டியாலஜி கருத்து கட்டாயம்.

பதற்றம் என்பதைக் கடைசியாக எழுதுங்கள். பெண்களிடம் அதை முதலிலேயே எழுதிவிடும் அவசரம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ‘வழக்கமில்லாத வலி’ என்ற சொல்லையே தவிர்க்கச் சொல்கிறது 2021இல் வந்த அமெரிக்க இதயச் சங்கங்களின் வழிகாட்டுதல். அதைப் படித்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ‘வாயுத் தொல்லை’ என்று கிறுக்க வேண்டாம். கண்டுபிடித்த காரணத்தை எழுதுங்கள். பிடிபடவில்லையென்றால் அதையும் எழுதி, மறுபடி வரவேண்டிய தேதியைக் குறியுங்கள். வலி திரும்பினாலோ, வியர்த்து மயக்கம் வந்தாலோ 108ஐ அழைக்கும்படி உடன் வந்தவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.