ஃபைன் கட்டினால் கேஸ் தீர்ந்ததா?

அன்புள்ள செல்வா,

சேதராப்பட்டு வீட்டுக்குக் காப்பீடு எடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் இரண்டையும் பார்த்த ஊர், எடுக்கத்தான் வேண்டும். படிவத்தில் 'குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?' என்றிருக்கிறது, உன் திருவிழா அடிதடி வழக்குக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். எல்லாக் கம்பெனியும் இதைக் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் பதில் சரியாக இருக்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். போட்டது தண்டனை ஆகாது. சட்டம் அனுமதிக்கும் வழக்கில் இரு தரப்பும் நீதிமன்றத்தில் சமாதானமாகியிருந்தால் அது விடுதலைக்குச் சமம். ஆனால் நம் பக்கம் 'ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வாடா, கேஸ் முடிஞ்சிடும்' என்பார்களே, அதில்தான் வில்லங்கம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதமும் தண்டனைதான், ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகாவிட்டாலும். 'நிலுவையில் வழக்கு உண்டா' என்று கேட்டிருந்தால் அதற்குத் தனியாகப் பதில் எழுது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார். இங்கிலாந்தில் லம்பர்ட் என்ற பெண்மணி நகைகளுக்குக் காப்பீடு எடுத்திருந்தார். கணவர் திருட்டு சிகரெட் வாங்கிய வழக்கில் அபராதம் கட்டியவர்; பிறகு சிறைத் தண்டனையும் பெற்றார். படிவத்தில் அதைப் பற்றிக் கேள்வியே இல்லை, லம்பர்ட்டும் சொல்லவில்லை. நகை தொலைந்தபோது கம்பெனி கைவிரித்தது. 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனி பக்கமே நின்றது. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. 2012-இல் சட்டத்தை மாற்றினார்கள்: தனிநபர், கேட்டதற்குக் கவனமாக உண்மை சொன்னால் போதும்.

நம் உச்ச நீதிமன்றம் 2021-இல் மன்மோகன் நந்தா வழக்கில், ஒரு மருத்துவக் காப்பீட்டு விஷயத்தில், கட்டம் காலியாக இருந்தும் பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்த கம்பெனி, பிறகு 'மறைத்தான்' என்று சொல்ல முடியாது என்றது. அதை நம்பிக் காலியாக விட்டுவிடாதே. ஏஜென்ட் 'இல்லைன்னு போட்டுக்கலாம் சார்' என்பார். கையெழுத்து உன்னுடையது. நிரப்பிய படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, நகலும் வாங்கி வை.

நாளை கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்குப் புகார் எழுது. மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இப்போதைக்குப் படிவத்தைக் கொடுக்காதே. நீதிமன்றத்தில் தீர்ப்பு நகலுக்கு மனுப் போடு. வந்ததும் எனக்கு அனுப்பு. எந்தப் பிரிவு, என்ன முடிவு என்று பார்த்துவிட்டு அந்தக் கட்டத்துக்கான வரியைச் சேர்ந்தே எழுதலாம்.

அன்புடன்,
சித்தப்பா