வீட்டை வாடகைக்கு விடுமுன் ஒரு பாடம்

இவ்வாண்டு மலருக்கும் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தனர். தல வரலாறும் திருமுறை விளக்கமும் எழுதக் கற்றறிந்த பெரியோர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அடியேன் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஆகவே என் சொந்தப் பணத்தைச் செலவழித்துக் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை எழுத முன்வந்தேன். நம் உபயதாரர்களில் பலர் ஒரு வீவக வீட்டையோ, ஓர் அறையையோ, தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியையோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தோம். எங்கள் நான்கறை வீட்டை, கழகத்தின் அனுமதி பெற்று, மாதம் 1,800 வெள்ளிக்கு இரண்டு ஆண்டு வாடகைக்கு விட்டேன். வந்தவர் நல்ல வேலையில் இருந்த இளைஞர். இனிய தமிழ். என்னை "சார்" என்றும் என் மனைவியை "அம்மா" என்றும் அழைத்தார். ஒரு தாளில் நானே ஒப்பந்தம் எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத ஒப்பந்தம்! இருவரும் கையெழுத்திட்டோம். பதினான்கு மாதம் கழித்து, மூன்று மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு அவர் காலி செய்தார். ஒரு மாத முன்பணம் கையில் இருந்தது. மீதி 3,600 வெள்ளி.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றார்கள். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை அங்கே கொண்டு போகலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. தாள்களை ஒழுங்குபடுத்த உதவிய நண்பர் என் ஒப்பந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரைத் தீர்வை கட்டிய சான்று எங்கே?" என்று கேட்டார். அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

கணக்கு எளிது. நான்கு ஆண்டுக்கு மேற்படாத வாடகைக்கு, மொத்த வாடகையில் நூற்றுக்கு 0.4 பங்கு தீர்வை. எனக்கு 24 மாதம், 1,800 வீதம் 43,200 வெள்ளி. தீர்வை 172 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்திட்ட ஒப்பந்தமானால் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கட்டிவிட வேண்டும். முறைப்படி கட்ட வேண்டியவர் வாடகைக்கு வருபவர்தான். ஆனால் கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதால் நட்டம் வீட்டுக்காரருக்கு. மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால் தீர்வையைப்போல் நான்கு மடங்கு தண்டம். 688 வெள்ளி தண்டமும் சேர்த்து 860 வெள்ளி கட்டி முத்திரை பெற்றேன். அதன் பிறகே அந்த இளைஞர் நாட்டை விட்டே போய்விட்டார் என்ற செய்தி வந்தது.

முப்பது ஆண்டுக்கு மேல் பிறர் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தவன் நான். அந்த 860 வெள்ளி என்னை மாணவனாக்கிற்று. வீட்டுக்காரர்களுக்கென்று ஒரு படிப்பு இருக்கிறதா என்று தேடினேன். நம் நாட்டில் கட்டாயப் படிப்பு இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. அங்கே 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தம் வீட்டைத் தாமே வாடகைக்கு விட்டு நிர்வகிப்பவர் பயிற்சி பெற்று உரிமம் வாங்க வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுக்கு. 2016 நவம்பர் முதல் இது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டு வருகிறது. படிக்க மனமில்லாதவர் உரிமம் பெற்ற முகவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் பெயரைப் பதிவு மட்டும் செய்துகொள்ளலாம்.

சிங்கப்பூரில் தேர்வு எழுத வேண்டியவர் முகவர். 2010-இல் சொத்து முகவர் சட்டம் வந்து, அதே ஆண்டு அக்டோபரில் சொத்து முகவர் மன்றம் அமைந்தது. 21 வயது நிரம்பி, சாதாரண நிலைத் தேர்வில் நான்கு பாடங்களிலாவது தேறியவர், மன்றம் ஒப்புக்கொண்ட பயிற்சி நிலையத்தில் படித்து, இரண்டு தாள் தேர்வு எழுதலாம். தேறினால் மட்டும் போதாது. உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தில் சேர்ந்து பதிவெண் பெற்ற பின்பே தொழில் செய்யலாம். எனக்குத் தொழில் செய்யும் எண்ணம் இல்லை. ஆயினும் அந்தப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாரும் என் பழைய மாணவர்களின் வயதினர். முதல் தாளில் தேறினேன். இரண்டாம் தாளில் முதல் முறை தவறினேன். வீட்டில் என் மனைவி, "ஆசிரியருக்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டுச் சிரித்தாள். மறுமுறை தேறினேன்.

படித்ததில் அன்பர்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். முகவரை அமர்த்தினால் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் அவருடைய பதிவெண்ணை மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பாருங்கள். ஒரே பேரத்தில் இரு தரப்புக்கும் அவர் முகவராக இருத்தல் கூடாது. வீவக வீட்டு வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ அவர் கையால் தொடக்கூடாது. "என்னிடம் கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வருபவர் வெளிநாட்டவரானால் மூன்று சோதனைகளை வீட்டுக்காரர் செய்தே ஆகவேண்டும். அனுமதிச் சீட்டின் மூலத்தைப் பார்க்க வேண்டும், நகல் போதாது. அதிலுள்ள விவரத்தைக் கடப்பிதழோடு ஒப்பிட வேண்டும். பிறகு சீட்டை வழங்கிய மனிதவள அமைச்சிடமோ, குடிநுழைவு சோதனைச்சாவடி ஆணையத்திடமோ அது செல்லுபடியாகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு இடம் கொடுத்த குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும் 6,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு. 'நம்ம ஊர்ப் பிள்ளை, முகத்தைப் பார்த்தாலே தெரியும்' என்பது சோதனையாகாது.

எத்தனை பேர், எத்தனை காலம் என்பதும் நம் விருப்பத்துக்கு விடப்படவில்லை. வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம், தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். உறவினரல்லாதோர் ஆறு பேர் என்றிருந்த வரம்பு, 2024 ஜனவரி 22 முதல் நான்கறையும் அதற்கு மேற்பட்டதுமான வீவக வீடுகளுக்கும், 90 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான தனியார் வீடுகளுக்கும் எட்டாக உயர்த்தப்பட்டது. அது தற்காலிக ஏற்பாடு. இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் 2014 டிசம்பரில் கேலாங் லோரோங் 4-இல் ஒரு கடைவீட்டு மாடியில் மூண்ட தீயை நினைத்துப் பார்க்கலாம். மலேசியத் தொழிலாளர் நால்வர் அதில் மாண்டனர். கடைவீட்டு மாடியைப் பலகை வைத்துத் தடுத்துப் படுக்கை படுக்கையாக விடும் பழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வாடகை கூடுதலாக வரும் என்று யாரேனும் ஆசை காட்டினால் தயவுசெய்து செவிகொடுக்க வேண்டாம்.

வருமான வரியைப் பற்றி ஒரு சொல். வீட்டு வாடகையும் வருமானமே. ரசீது சேர்த்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்க்கு, மொத்த வாடகையில் நூற்றுக்கு 15 பங்கைச் செலவாகக் கழித்துக்கொள்ளும் வழி உண்டு. வீட்டுக் கடனின் வட்டியை அதோடு தனியாகக் கழிக்கலாம்.

படித்து முடித்த பிறகு ஒருநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஒரு பிரதோஷத்தன்று பிரசாதம் வாங்கும் வரிசையில் ஓர் இளைஞர் வணங்கி நின்றார். தஞ்சாவூர்ப் பக்கம். கட்டுமான வேலை. என் தகப்பனார் பிறந்த ஊருக்கு அவர் ஊர் நான்கு கல் தொலைவு. விடுதியில் தூக்கம் வருவதில்லை, மூன்று பேர் சேர்ந்து வாடகை கொடுக்கிறோம், உங்கள் வீட்டில் ஓர் அறை தாருங்கள் ஐயா என்றார். வீடு அப்போது காலியாகத்தான் இருந்தது. முன்பானால் "நாளைக்கே வா தம்பி" என்று சொல்லியிருப்பேன். ஆனால் கட்டுமானம், கப்பல் பட்டறை, ஆலை முதலிய துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர், மலேசியராக இல்லாவிட்டால், வீவக வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுக்க இயலாது. கொடுத்தால் எனக்கும் தொல்லை, அவருடைய வேலைக்கும் ஆபத்து.

தெரியாமல் இருந்திருக்கலாமே என்று அன்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவரை மண்டபத்து ஓரமாக உட்கார வைத்துச் சட்டத்தைச் சொன்னேன். தகுந்த தங்குமிடம் கொடுப்பது முதலாளியின் கடமை என்பதையும், குறை இருந்தால் மனிதவள அமைச்சிடம் சொல்லலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகம் வாடித்தான் இருந்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் அவரைப் பார்ப்பதுண்டு. விடுதியில் வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்களாம். போன மாதம் கடன் சேர்ந்து ஊரில் வாங்கப்போகும் ஒரு மனையின் பத்திர நகலைக் கொண்டு வந்து, "ஐயா, கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை படித்துச் சொல்லுங்கள்" என்றார். இருவரும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, வரிவரியாக அதைப் படித்தோம்.