விழா முடிந்த மறுநாள்

மரம் நடுவிழா என்றால் நம்மவர்கள் திரளாகவே வருகிறார்கள். மகிழ்ச்சிக்குரியதுதான். 1950-ம் ஆண்டு மத்திய உணவு அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம் இன்றளவும் ஜூலை முதல் வாரத்தில் நடந்து வருகிறது. தமிழக அரசு பிளாஸ்டிக் தடையை 2018 ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் அமல்படுத்தியது. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தையும் தொடங்கியது. ஆனால் விழாவில் வாங்கிய மஞ்சப்பை வீட்டு ஆணியில் தொங்கிக் கொண்டிருக்க, மறுநாள் கறிக்கடையிலிருந்து இறைச்சி எதில் வருகிறது? இதை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விழாவுக்குப் போய் வந்தவர் சிக்கனமாக இருப்பதைக் கண்டு, விழாவே அவரை மாற்றிவிட்டது என்று நாம் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே அக்கறை உள்ளவர்தான் பெரும்பாலும் அழைப்பை ஏற்று வருகிறார். மேலும், ஒரு நன்மை செய்துவிட்ட திருப்தியே அடுத்த காரியத்தில் நம்மை அசட்டையாக்கி விடுவதும் உண்டு. நஃப்ஸின் இந்தத் தந்திரம் நாம் அறியாததன்று. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 154 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் சிலருக்கு மட்டும் அவர்களுடைய தண்ணீர்ச் செலவை வாரந்தோறும் தெரிவித்து வந்தார்கள். மற்ற வீடுகளோடு ஒப்பிட, அவர்களுடைய தண்ணீர்ச் செலவு 6 சதவீதம் குறைந்தது. மின்சாரச் செலவோ 5.6 சதவீதம் கூடிற்று! ஒரு குடியிருப்பை வைத்து உலகத்தை அளக்கலாகாது என்றாலும், நம்மை யோசிக்க வைக்கிறது.

அப்படியானால் விழாக்கள் வீணா? வீணல்ல. விழாவில் பிறக்கும் ஆர்வத்தை அன்றைக்கே ஓர் அன்றாடக் காரியத்தோடு முடிச்சுப் போட வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வெளியாயிற்று. ஒரு புதுச் செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் ஆனதாக அது கணக்கிட்டது. சிலருக்கு 18 நாட்களே போதும். சிலருக்கு 254 நாட்கள்கூட ஆகலாம். குறிப்பிட்ட வேளையில், குறிப்பிட்ட இடத்தில் திரும்பத் திரும்பச் செய்ததால் அது படிந்தது. குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதை நாம் அறிவோம்.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரமளான் முழுவதும், அஸருக்குப் பின், ஒரே இடத்தில் கஞ்சி வாங்குகிறோம். பழக்கம் படிய இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? கொதிக்கும் கஞ்சியைப் பாலிதீன் பையில் வாங்கும் வழக்கத்தை விட்டு, பிள்ளை கையில் தூக்குச் சட்டியைக் கொடுத்தனுப்பினால் முப்பது நாட்களில் அது கைவந்துவிடும். ஷவ்வால் பிறந்ததும் அதே பாத்திரம் கறிக்கடைக்குப் போகட்டும். பாதி தூரம்தானே கடந்திருக்கிறோம்! குர்பானி இறைச்சியைப் பங்கிடும்போதும் வாழையிலையோ பாத்திரமோ போதும். இதை வீட்டுப் பெண்கள் நம்மைவிட எளிதாகச் சாதிப்பார்கள். சட்டி எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீர் விஷயம் இன்னும் அருகில் இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே நீர்ப்பறவைகளைப் பார்க்கச் செல்பவர், ஏரியில் நீர் இருந்தால்தான் பறவை என்பதைக் கண்ணாலேயே காண்கிறார். ஊர் திரும்பி, லுஹர் தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது குழாயை முழுக்கத் திறந்துவிட்டு மிஸ்வாக் செய்தால் என்ன கண்டார்? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகள் கொள்ளும் அளவில், ஏறக்குறைய முக்கால் லிட்டரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். நாம் ஒருமுறை குழாயடியில் வாளி வைத்து அளந்து பார்ப்போம்.

விக்கிரமங்கலம் போன்ற ஊரில் மழைக்காலத்தில் நட்ட கன்றுக்கு உண்மையான சோதனை சித்திரை வெயிலில்தான். அப்போது மேடையும் இராது, மாலையும் இராது. ஒளுச் செய்த நீர் மறுபடி ஒளுவுக்கு ஆகாவிட்டாலும் மரத்துக்கு ஆகும். பள்ளிவாசலின் ஒளுக் கழிவு நீரை ஒரு சிறு வாய்க்கால் வெட்டிக் கன்றின் பாத்திக்குத் திருப்பிவிட்டால், ஐந்து வேளையும் அதற்கு நீர் கிடைக்கும். அடுத்த நடுவிழாவுக்குக் குழி தோண்டுமுன் அந்த வாய்க்காலை வெட்டிவிடுவோம்.