உறைபனிப் படமும் ஒரு டிகிரி வெப்பமும்

பருவநிலை மாற்றம் பற்றிக் கூட்டம் போடும்போதெல்லாம், 'தி டே ஆஃப்டர் டுமாரோ' படத்தைப் போட்டுக் காட்டலாமே என்று இளைஞர்கள் யாராவது கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் படம் முடிந்ததும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடக் கூடாதுங்க. அதில் எது சரி, எது மிகை, உழவர்களாகிய நம்ம பார்வையில் எது விடுபட்டிருக்கு என்று உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு உதவியாகத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

கதை என்ன?

2004 மே மாதம் வெளிவந்த ஹாலிவுட் படம். இயக்கியவர் ரோலண்ட் எம்மெரிக். செலவு சுமார் 12.5 கோடி டாலர். ஜாக் ஹால் என்ற ஆய்வாளர் அண்டார்டிகாவில் பனியைத் துளைத்து மாதிரி எடுக்கும்போது, காலடியிலேயே பனித்தட்டு பிளக்கிறது. டெல்லியில் நடக்கும் மாநாட்டில் அவர் எச்சரிக்கிறார். வெளியே டெல்லித் தெருவில் பனி கொட்டுகிறது. பொருளாதாரம் என்னாவது என்று கேட்டு அமெரிக்கத் துணை அதிபர் தட்டிக் கழிக்கிறார். அப்புறம் டோக்கியோவில் ராட்சத ஆலங்கட்டி மழை, லாஸ் ஏஞ்சலிஸில் சுழல்காற்று, நியூயார்க்கில் கடல் ஊருக்குள் புகுவது என்று வரிசையாக வருகிறது. சில நாளில் வட பூமியே உறைந்துவிடுகிறது. ஜாக்கின் மகன் நியூயார்க் நூலகத்தில் புத்தகங்களை எரித்துக் குளிர் காய்ந்து உயிர் பிழைக்கிறான்.

எது சரி?

அடிப்படை அறிவியல் சரிதான். அட்லாண்டிக் கடலில் வெப்பமண்டலத்துச் சூட்டைச் சுமந்துகொண்டு மேல்நீர் வடக்கே போகிறது. அங்கே குளிர்ந்து, உப்பும் சேர்ந்து கனமாகி, அடியில் அமிழ்ந்து தெற்கே திரும்புகிறது. பனி உருகி நன்னீர் கலந்தால் நீர் லேசாகிவிடும், அமிழாது. வடிகால் அடைபட்டால் வாய்க்காலில் தண்ணீர் தேங்குகிற மாதிரி, மொத்த ஓட்டமும் தளர்ந்துபோகும்.

இப்படி நடந்ததற்குச் சாட்சியும் உண்டு. பனியுகம் முடிந்து பூமி சூடாகிக்கொண்டிருந்தபோது, சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் வடக்கே மறுபடியும் கடுங்குளிர் திரும்பியது. உருகிய பனிநீர் கடலில் கலந்து நீரோட்டம் தளர்ந்ததே காரணம் என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. அந்தக் குளிர் 1,200 ஆண்டுகள் போல நீடித்தது. அது முடிந்த பிறகு வந்த சுமார் 11,700 ஆண்டுகள்தான் ஓரளவு நிலையான தட்பவெப்பக் காலம். உலகத்தில் வேளாண்மை வேர்பிடித்துப் பரவியது இந்தக் காலத்தில்தான். பட்டம் பார்த்து விதைக்கிறோமே, பட்டம் என்று ஒன்று இருப்பதே தட்பவெப்பம் சொன்ன சொல் தவறாமல் வந்துகொண்டிருந்ததால்தான்.

படத்தில் பிளக்கிற லார்சன்-பி பனித்தட்டும் கற்பனை இல்லை. படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 2002இல், சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பனித்தட்டு சில வாரங்களில் நிஜமாகவே நொறுங்கியது. அட்லாண்டிக் நீரோட்டத்தைக் கருவிகள் வைத்துத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியதும் 2004இல்தான். இந்த நூற்றாண்டில் அந்த ஓட்டம் தளரும் என்றும், 2100க்குள் திடீரென்று நின்றுபோகும் வாய்ப்பு குறைவு என்றும் ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் சொன்னது. அப்படி நின்றால் ஆசியப் பருவமழையும் வலுவிழக்கும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆக, எங்கேயோ வடக்குக் கடலில் நடப்பது நம்ம ஏரிக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

எது மிகை?

முதலாவது, வேகம். நீரோட்டம் தளர்வதும் அதன் விளைவுகளும் பல பத்தாண்டுகளில் நடப்பவை. படத்தில் வாரக் கணக்கில் முடித்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, வானத்தின் உச்சியிலிருந்து குளிர்காற்று இறங்கி, மைனஸ் 100 டிகிரி செல்சியஸில் மனிதர்களை நின்ற இடத்திலேயே உறைய வைப்பது. இது நடக்காது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 10 டிகிரி கூடும். இதை விளக்க நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், மேற்குத் தொடர்ச்சி மலை போதும். கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நம்ம பக்கம் இறங்குகிற ஆடிக்காற்று எப்படி இருக்கும்? வறண்டு, மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும் இல்லையா?

எது விடுபட்டது?

இவ்வளவு பெரிய படத்தில் உழவர் ஒருத்தர்கூடப் பாத்திரமாக வரவில்லை. நூலகத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தின்பண்ட இயந்திரத்தை நம்பிக் காலம் தள்ளுகிறார்கள். அமெரிக்க மக்கள் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்கு ஓடுகிறார்கள். கடனைத் தள்ளுபடி செய்த பிறகே அவர்களுக்கு எல்லை திறக்கிறது. நல்ல காட்சிதான். ஆனால் கோதுமையும் மக்காச்சோளமும் விளைகிற பூமி பனிக்கடியில் போன பிறகு, அத்தனை பேருக்கும் யார் சோறு போடுவது? படம் அதைக் கேட்காமலே முடிந்துவிடுகிறது.

ஒரு டிகிரி என்ன செய்யும்?

அந்தப் படம் வந்த அதே 2004இல் இன்னொன்றும் வெளிவந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு. 1979 முதல் 2003 வரை தங்கள் பண்ணையில் பதிவான வெப்பத்தைக் கணக்கெடுத்தார்கள். ஆண்டுச் சராசரியில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1.13 டிகிரி கூடியிருந்தது. பகல் வெப்பம் அந்த அளவுக்குக் கூடவில்லை. இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் மகசூல் 10 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். அத்தனைக்கும் அது நல்ல பாசனமும் கவனிப்பும் இருந்த வயல்.

பகலில் பயிர் வெயிலைக் கொண்டு மாவுச்சத்து சேர்க்கிறது. இரவில் மூச்சு விடும்போது அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு சூடானால் அந்தச் செலவு கூடும். மணிக்குப் போக வேண்டியது கரைந்துபோகும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பகல் சூட்டுக்கும் ஒரு எல்லை இருக்கு. கதிர் பூக்கும் முற்பகல் வேளையில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும்.

சினிமா மைனஸ் 100 டிகிரியைக் காட்டிப் பயமுறுத்துகிறது. நம்ம களத்தில் மூட்டை குறைவதற்கு ஒரு டிகிரி போதும். அது 25 வருடத்தில் சத்தமில்லாமல் வருவதால் 'இந்த வருசம் விதை சரியில்லை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

நம்ம வேலை என்ன?

ஒன்று, அளக்கணும். ஒரு மழைமானி, குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பம் காட்டும் ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு. விதைத்த நாள், பூத்த நாள், பதரின் அளவு எல்லாம் அதில் ஏறணும்.

இரண்டு, பூக்கும் நாளைப் பார்த்து விதைப்பைத் திட்டமிடணும். ஒரே ரகத்தை ஒரே நாளில் முழு வயலிலும் போடாமல், வேறு வேறு வயதுள்ள இரண்டு மூன்று நாட்டு ரகங்களைப் பிரித்துப் போடலாம். ஒன்று சூட்டில் மாட்டினாலும் இன்னொன்று தப்பும்.

மூன்று, மண். மட்கும் மூடாக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். மழை தள்ளிப்போனாலும் பயிர் சில நாள் கூடத் தாங்கும். ஆனால் இரவு வெப்பத்தை எந்தக் கரைசலும் இறக்காது. தெளித்தால் சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நான்கு, நம்ம பங்கையும் பார்க்கணும். யூரியாவிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் சூடேற்றும். அதை நாம் விட்டுவிட்டோம், சரி. ஆனால் தண்ணீர் தேங்கிய வயலில் மட்காத தழையை மிதித்தால் மீத்தேன் கூடும். இது இயற்கை வயலுக்கும் பொருந்தும். நன்கு மட்கியதைப் போட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிட வேண்டாம்.

படம் பார்த்த பின் பேசுவதற்கு

1. உங்கள் ஊரில் 20 வருடத்துக்கு முன் எந்தப் பட்டத்தில் விதைத்தார்கள்? இன்று எப்போது விதைக்கிறீர்கள்?

2. பின்பனிக் காலத்து இரவுகள் மாறியிருக்கிறதாகப் பெரியவர்கள் சொல்கிறார்களா? அதைச் சரிபார்க்க ஊரில் யாரிடமாவது பதிவு இருக்கா?

3. உங்கள் வயலில் சென்ற போகம் கதிர் பூத்த வாரத்தில் பகல் வெப்பம் எவ்வளவு?

4. நகரத்துக்கு ஒரு மாதம் லாரி வராவிட்டால், உங்கள் ஊர் தன் விதையையும் சோற்றையும் தானே பார்த்துக்கொள்ளுமா?

மூன்றாவது கேள்விக்கு யாருக்கும் விடை தெரியாவிட்டால், அடுத்த கூட்டத்துக்குள் ஒரு வெப்பமானி வாங்கி வயலில் மாட்டிவிடுங்கள்.