கூடத்துக்கு ஆத்தங்குடி, குளியலறைக்கு வேறு

கேள்வி: புது வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிப்பதா, விட்ரிஃபைடு டைல்ஸ் பதிப்பதா?

பதில்: சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில், கண்ணாடிப் பலகைமீது வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே இறுகச் செய்யப்படும் கல், கண்ணாடியின் வழவழப்பைப் பெற்று, நடக்க நடக்க மெருகேறுவதால், கூடத்துக்கு அதனினும் அழகிய தரை அரிது. ஆயினும் சிமென்டை அமிலம் அரிக்கும் ஆதலால், புளியும் எலுமிச்சையும் சிந்தும் சமையலறைக்கும், ஆசிட் ஊற்றிக் கழுவப்படும் குளியலறைக்கும் அது பொருந்தாது. உயர்வெப்பத்தில் இறுகச் சுடப்படும் விட்ரிஃபைடு டைல்ஸ், தன் எடையில் 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவான நீரையே உறிஞ்சுவதால் அங்கே ஏற்றது. குளியலறைக்கு மட்டும் வழுக்காத சொரசொரப்பு வகை வேண்டும். எதுவாயினும், நிறம் மாறாதிருக்க, ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குக.